"மலைக்குப் போகட்டுமா, அம்மா?"

உங்கள் பெண் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலை பார்க்கிறாளா? அப்படியானால் இன்றைக்கோ நாளைக்கோ உங்களுக்கு ஒரு டெலிபோன் வரத்தான் போகிறது. "அம்மா, எங்கள் ஷிப்டிலே 30 பேர் சேர்ந்து பஸ் பேசியிருக்கிறோம். சனிக்கிழமை ராத்திரி கிளம்பி ஏலகிரிக்குப் போகிறோம். மலையிலே நடக்கப் போகிறோம். நானும் போகட்டுமா?"

"நடப்பதற்கு மலைக்குப் போவானேன்? நம் தெருவிலே நடந்தால் ஆகாதோ?" என்று அப்பா ஒரு குரல் கொடுப்பார். பாட்டி, "கரடி இருக்குமாமே!" என்பாள். நீங்கள் ரிஸீவரைக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்பீர்கள். அந்தப் பதிலை யோசிப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அவள் ஏன் கேட்கிறாள் என்று பாருங்கள். ஒரகடம் ஒரு காலத்தில் ஏரியும் நெல் வயலுமாக இருந்த கிராமம். 2010-இல் ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலை வந்தது. 2012-இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை. 2013-இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள். பக்கத்திலே ஸ்ரீபெரும்புதூரில் டெலிபோன் கருவிகள் செய்யும் ஆலைகள். இந்த ஆலைகளில் ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை செய்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்க இடம் உண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஒரு பெரிய கிராமமே கட்டிலும் பெட்டியுமாக அடுக்கடுக்காக நிற்கிறது.

அந்தப் பெண்கள் அநேகமாக நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள். ஒரே இடம், ஒரே விளக்கு, கைக்கு ஒரே அசைவு. பஸ்ஸில் ஏறினால் ஆலை. பஸ்ஸில் ஏறினால் விடுதி. வாரத்தில் ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளும் துணி துவைப்பதிலும் தூங்குவதிலும் போய்விடுகிறது. நாள் முழுவதும் நின்ற காலுக்கு மேலும் நடையா என்று நமக்குத் தோன்றும். ஆனால் நிற்பது வேறு, நடப்பது வேறு. அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலிலேயே தேங்குகிறது. அதனால்தான் மாலையில் கணுக்கால் வீங்குகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து அதே ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நின்று நின்று அலுத்த கால் நடக்கத்தான் ஆசைப்படும். இது சோம்பேறிகளின் ஆசை அல்ல, அப்பாக்களே!

எடுத்த எடுப்பில் ஏலகிரி வேண்டாம். ஒத்திகை மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூண்டிக்குப் போய்வரச் சொல்லுங்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருவள்ளூர், அங்கிருந்து பூண்டி. காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். சென்னைக்குக் குடிநீர் தருவதற்காக 1944-இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டிய நீர்த்தேக்கம் அது. நல்ல மழை பெய்த வருஷத்தில் கார்த்திகை, மார்கழியில் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர்தான். அதைத் தாண்டிக் குடியம் என்ற கிராமம். அங்கிருந்து முள்ளும் புதருமான காட்டுக்குள்ளே கூழாங்கல் பாதையில் நடந்தால், பாறை பெரிய கூரை போலக் கவிந்து நிற்கிற குகைகளைக் காணலாம்.

அந்தக் கூழாங்கற்களைச் சும்மா உதைத்துத் தள்ளிவிடாதீர்கள். 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்காரர், பூமியின் கற்களை ஆராய வந்தவர், பல்லாவரத்தில் ஆதி மனிதன் செதுக்கிய கல் ஆயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே வருஷம் குடியத்துக்குச் சமீபத்திலுள்ள அத்திரம்பாக்கத்திலும் அவருக்கு அப்படிப்பட்ட ஆயுதங்கள் கிடைத்தன. பிற்காலத்தில் சாந்தி பப்பு என்ற பெண்மணியின் தலைமையில் அங்கே பல வருஷம் தோண்டி ஆராய்ந்தார்கள். அந்த ஆயுதங்களில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-இல் வெளியிட்டார்கள். ஆலையிலே கருவி செய்கிற பெண், 15 லட்சம் வருஷத்துக்கு முன்பு கருவி செய்த இடத்தில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறாள்! பூண்டியிலே இதற்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகமும் இருக்கிறது. ஆனால் ஒன்று, கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், கைப்பையில் எடுத்துக்கொண்டு வரக் கூடாது.

பூண்டிக்குப் போய் வந்து மறுநாள் காலில் பெரிய வலி இல்லையென்றால், ஏலகிரிக்குத் தயார் என்று அர்த்தம்.

ஒரகடத்திலிருந்து ஏலகிரி ஏறக்குறைய 200 கிலோ மீட்டர். பெங்களூர் ரோடைப் பிடித்துக் காஞ்சிபுரத்தை ஒட்டியபடி, வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று போய்த் திருப்பத்தூர் ரோடில் திரும்பினால் பொன்னேரி. மலை ரோடு அங்கேதான் தொடங்குகிறது. சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பினால் விடியற்காலையில் அடிவாரம். டிரைவர் பகலில் தூங்கினாரா என்று கேட்டுக்கொண்டு ஏறுவது நல்லது. இதைக் கேட்க வெட்கப்படக் கூடாது. மலையில் நடக்கிற அபாயத்தைவிட ராத்திரி ரோடில் போகிற அபாயம் பெரிது என்பது என் அபிப்பிராயம்.

மலை ரோடில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்கு வெறும் நம்பர் போட்டு விட்டுவிடாமல், தமிழ்ப் புலவர்களின் பெயரும் கடையெழு வள்ளல்களின் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஔவையாரும் உண்டு, அதியமானும் உண்டு. அதியமான் ஆண்ட தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, அந்தப் பக்கத்துச் சீமைதானே! வளைவு வளைவாகப் பெயரைப் படித்துக்கொண்டே போனால் தலைசுற்றலும் கொஞ்சம் மறந்துபோகும். தலைசுற்றுகிறவர்கள் முன் ஸீட்டில் உட்கார்ந்து, தூரத்திலே ரோடைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். கையில் இருக்கிற டெலிபோனைப் பார்த்தால் கட்டாயம் வாந்திதான். ஏறுவதற்கு முன்னால் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம்.

மேலே போனால் ஊட்டி மாதிரி குளிர் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போர்வையும் ஸ்வெட்டருமாகப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஏலகிரி ஏழைகளின் ஊட்டி என்று சொல்வதுண்டு. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. ஊட்டிக்கு ஊட்டி, ஏலகிரிக்கு ஏலகிரி. சுமார் 3,500 அடி உயரத்தில் சின்னச் சின்னதாய்ப் பதினான்கு கிராமங்கள். மலையாளிகள் என்று சொல்லப்படும் மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் இடம். (கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள். பேச்சு தமிழ்தான்.) அத்தனாவூர் கடைத்தெரு, புங்கனூர் ஏரி, படகு, பூங்கா எல்லாம் எல்லோரும் பார்ப்பவை. நடக்க வந்தவர்கள் அங்கே அதிகம் நிற்க வேண்டியதில்லை.

அவர்கள் போக வேண்டியது மங்களம் என்ற கிராமத்துக்கு. அங்கிருந்து சுவாமிமலைக்குக் காட்டுப்பாதை போகிறது. ஏலகிரியின் மிக உயர்ந்த சிகரம் அதுதான்; சுமார் 4,400 அடி. பழக்கம் இல்லாதவர்களுக்கும் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தில் உச்சி கிடைத்துவிடும். முதல் அரைமணி நேரம்தான் சோதனை. மூச்சு வாங்கும், இருதயம் தடதடவென்று அடிக்கும், "இதற்கா வந்தோம்?" என்று தோன்றும். பக்கத்தில் வருகிறவளுடன் பேச முடிகிற வேகத்தில் நடக்க வேண்டும். பேச முடியவில்லையா, வேகம் அதிகம் என்று அர்த்தம். எல்லோரிலும் மெதுவாக நடப்பவளை வரிசையின் முன்னால் விட்டுவிட்டால் கூட்டம் சிதறாது. பின்னால் விட்டால் அவள் வந்து சேரும்போதெல்லாம் மற்றவர்கள் இளைப்பாறி எழுந்துவிடுவார்கள். அவளுக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. குடும்பத்திலும் இப்படித்தான் நடக்கிறது என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது!

பாட்டி சொன்ன கரடி வாஸ்தவம். அந்த மலைகளில் கரடி உண்டு. ஆனால் அது விடியலிலும் அந்தியிலும்தான் அதிகமாக நடமாடும். நல்ல வெளிச்சத்தில், பேசிக்கொண்டு வருகிற கூட்டத்தைக் கண்டால் அதுவே ஒதுங்கிப் போகும். ஓசையே இல்லாமல் போய்த் திடுக்கிட வைத்தால்தான் பாயும். நம் பெண்கள் 30 பேர் ஓசையில்லாமல் போவார்கள் என்று யாருக்காவது பயம் இருக்கிறதா?

உண்மையில் பயப்பட வேண்டியது தீக்கு. இதை மறைத்துவிட்டு மலையைப் பற்றி எழுதுவது நியாயம் இல்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் நடக்கப் போன கூட்டத்தைக் காட்டுத் தீ சூழ்ந்தது. பெண்கள் தினத்தை ஒட்டிப் போனவர்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அனுமதி பெறாத பாதை என்று வனத்துறை பிற்பாடு சொல்லிற்று. அந்தத் தாய்மார்களும், "பத்திரமாகப் போய்விட்டு வா, கண்ணே" என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள்.

ஆகையால் போக விடாமல் இருப்பதா? என் பதில், கேள்வி கேட்டு அனுப்புங்கள் என்பதுதான். அந்த வருஷமே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் செய்தது. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 காட்டு வழிகளைத் தேர்ந்து, "டிரெக் தமிழ்நாடு" என்ற பெயரில், வனத்துறையின் பொறுப்பில் திறந்தார்கள். ஏலகிரி சுவாமிமலை, குடியம் குகை இரண்டும் அவற்றில் சுலபமான வழிகள். முன்கூட்டியே பதிவு செய்தால், அந்த ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று வழிகாட்டியாக வருகிறார்கள். தீப்பிடிக்கும் மாதங்களில் பாதையை மூடிவிடுகிறார்கள். மாசியிலிருந்து சித்திரை வரை புல் காய்ந்து பஞ்சாக இருக்கும். அந்த மாதங்களில் யார் அழைத்தாலும் எந்த மலைக்கும் போக வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு தை முடியும் வரை நல்ல காலம்.

உங்கள் பெண்ணிடம் கேளுங்கள்: அனுமதி யார் பெயரில் வாங்கியிருக்கிறது? எந்தப் பாதைக்கு? வழிகாட்டி எத்தனை பேர்? அவள் "தெரியாது, அக்கா பார்த்துக்கொள்வார்கள்" என்றால், அந்த அக்காவையே டெலிபோனில் கூப்பிடச் சொல்லுங்கள். நல்ல அக்காவாக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இன்னொரு விஷயமும் அவளுக்குச் சொல்லி வையுங்கள். தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். அனல் மேலே போய், எதிரில் உள்ள புல்லை முன்னதாகவே காய வைத்துவிடுகிறது. அதனால் புகையைக் கண்டால் மேலே ஓடக் கூடாது. பாறை வெளியோ, நீரோடையோ, ஏற்கனவே எரிந்து கரிந்த இடமோ எது கிட்டே இருக்கிறதோ அங்கே போக வேண்டும். உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். நைலான் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

மற்றபடி மூட்டையில் என்ன வேண்டும் என்று அம்மாக்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட எலுமிச்சை ரசம், கடலை மிட்டாய். செருப்பு ஆகாது, பழகிய பூட்ஸ் வேண்டும், விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு. இறங்கும்போது விரல் முட்டினால் நகம் கறுத்துவிடும். இறக்கத்தில்தான் முழங்கால் நோகும் என்பதால் சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் போகலாமா என்று கேட்டால், உடம்புக்கு முடிந்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் பாதையில் வசதி கிடையாது, பயன்படுத்தியதைக் கட்டிக் கீழே கொண்டுவர ஒரு பை அவசியம்.

ஒன்றே ஒன்று பாக்கி. திங்கட்கிழமை காலை முதல் ஷிப்டு இருக்கிறவர்கள், ஞாயிறு மத்தியானம் 2 மணிக்காவது மலையை விட்டு இறங்கியாக வேண்டும். "இன்னும் ஒரு தடவை படகு" என்று சொல்கிறவள் எல்லாக் கூட்டத்திலும் ஒருத்தி இருப்பாள். அவளை முதலில் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லுங்கள்.