தோல் வட்டுகளில் வண்ணச் சித்திரம்

காமயகவுண்டன்பட்டியைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களில் கவாத்து முடிந்து கொத்துப் பழுக்கும் வரை கைக்கு வேலை குறைந்த நாட்கள் சில உண்டு. நூல் வரத் தாமதிக்கும்போது தறிக்காரர் வீட்டிலும் அதே நிலைதான். அந்நாட்களுக்கு ஏற்ற உபதொழில் ஒன்றை அங்கத்தினர்களுக்கு இங்கு விளக்குகிறோம். மேசையில் ஈரத்தடமும் சூட்டுத்தடமும் விழாதபடி தம்ளரின் அடியில் வைக்கும் சித்திரத் தோல் வட்டுகளைச் செய்வதே அது. நகரத்துக் கடைகளில் இவற்றைக் கோஸ்டர் என்று கேட்டு வாங்குகிறார்கள்.

தோல் என்றதும் முகம் சுளிப்போர் நம்மிடையே இன்னும் உளர். 1922ஆம் ஆண்டு ரவீந்திரநாத தாகூர் நிறுவிய ஸ்ரீநிகேதனில் தோல் சித்திர வேலையை வளர்த்தவர்கள் அவருடைய மகன் ரதீந்திரநாதரும் மருமகள் பிரதிமா தேவியுமே என்பதை அவர்கள் அறிவது நலம். சாந்திநிகேதன் தோல் பொருள்கள் இன்று புவிசார் குறியீடு பெற்றவை.

இவ்வேலையின் வெற்றி தோலைத் தெரிந்தெடுப்பதிலேயே பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. நமக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில் பதனிட்டுப் பெயர்பெற்ற ‘ஈ.ஐ.’ தோல் இவ்வகையே. நனைந்த நிலையில் அழுத்தினால், அந்தத் தடத்தை உலர்ந்த பின்னும் அது விடாது. குரோம் உப்பில் பதனிட்ட தோலோ அழுத்திய கோட்டை மெல்ல இழந்துவிடும். அதன் வெட்டிய ஓரம் பெரும்பாலும் நீலச் சாம்பல் நிறமாயிருக்கும். கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாமல் ஓரத்தை நறுக்கிப் பார்த்தே வாங்க வேண்டும்.

தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. வடுவில்லாத ஒரு சதுர அடியில் நாலு அங்குலச் சதுரங்கள் ஒன்பது கிடைக்கும். வட்டமாக நறுக்கினால் மூலைகள் வீணாகும் என்பதால் முதலில் சதுரமே செய்வது சிக்கனம். ஆட்டுத்தோல் மெல்லியதாகையால் இரண்டை ஒட்டித் தடிப்பாக்கிக்கொள்ளலாம்.

துண்டின் மேற்புறத்தை ஈரப்பஞ்சினால் ஒரே சீராக நனைத்து, பழைய நிறம் திரும்பத் தொடங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பதத்தில் சித்திரக் காகிதத்தை மேலே வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் கோடுகளை அழுத்த வேண்டும். நம் ஊருக்குப் பன்னீர்த் திராட்சைக் கொத்தைவிடப் பொருத்தமான சித்திரம் வேறென்ன? கம்பம் பன்னீர்த் திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதை யாவரும் அறிவர்.

ஈரத்தோலில் இரும்பு படலாகாது. பட்டைச்சாறும் இரும்பும் சேர்ந்தால் கருமை பிறக்கும். கடுக்காய் ஊட்டிய துணியில் இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கலம்காரிக் கறுப்பு உண்டாவது இதே விதத்தில்தான். சாயமிடும் நம் அங்கத்தினர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அங்கே வரமான கறுப்பு இங்கே அழியாத கறை. ஆகவே பித்தளை அல்லது எவர்சில்வர்ச் சாமான்களையே உபயோகிக்கவும்.

நிழலில் ஒரு நாள் உலர்ந்த பின் வண்ணம் தீட்டலாம். அக்ரிலிக் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து இரண்டு முறை மெல்லப் பூசுதல் நலம். ஒரே முறை தடிப்பாகப் பூசினால் தோல் வளையும்போது வெடிக்கும். வெளிர்நிறம் முதலிலும் கருநிறம் பின்னரும் அமையட்டும்.

மேற்பூச்சில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தேன்மெழுகு அழகாக மின்னும். ஆனால் ஏறக்குறைய 63 பாகை வெப்பத்தில் உருகிவிடும். சூடான காப்பித் தம்ளர் வைத்தால் வட்டத்தடம் விழும். அக்ரிலிக் வார்னிஷை இரண்டு முறை பூசி, ஒவ்வொரு முறையும் நன்கு உலரவிட வேண்டும். ஓரங்களைச் சற்றே நனைத்து வழவழப்பான மரக்கட்டையால் தேய்த்தால் பிசிர் அடங்கும். அடிப்புறத்தில் தறியில் மிஞ்சிய துணித்துண்டை ஒட்டினால் மேசையும் கீறாது, துணியும் வீணாகாது.

ஒற்றை வட்டை எவரும் வாங்கமாட்டார். ஆறு கொண்ட தொகுதியாகவே விற்க வேண்டும். விலை குறிக்கும்போது தோல், வண்ணம், வார்னிஷ் ஆகியவற்றோடு செலவான மணிகளுக்கும் கூலி சேர்க்க வேண்டும். வீட்டு வேலைதானே என்று பெண்களின் உழைப்பைக் கணக்கில் விடுவது வாங்குபவருக்கு நாம் கொடுக்கும் தானம். ஐந்து வீட்டார் சேர்ந்து முழுத்தோலாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது சிறந்தது. முதல் தோலில் பாதி பழகுவதற்கே போய்விடும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்ளவும்.