கை ஓங்க முடியாத இளவரசன்

கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டு மன்னன் பூதங்களை ஏவிக் கட்டுவித்தான் என்னும் ஐதீகத்தைக் கேட்டு வளர்ந்த வன்னிப் பிள்ளைக்கு, பூதங்களைப் பயத்திற்குரிய பகைவராக மாத்திரம் எண்ணாமல், வசப்படுத்தி வேலை கொள்ளத்தக்க வல்லமையுள்ள ஜீவன்களாகவும் எண்ணுவது புதிய காரியமன்று. ஆதலால், விதம்விதமான பூதங்களைத் தேடிப் பிடித்து, பழக்கி, வளர்த்து, அவற்றைக் கொண்டே போர் புரியும் ஒரு வகை வீடியோ விளையாட்டு ஜப்பானிலே தோன்றி உலகத்துப் பிள்ளைகளின் மனத்தைக் கொள்ளைகொண்டிருக்கிறது என்று அறியும்போது, வன்னியிலே அக்கராயனில் இருக்கும் நாம் அதனை முற்றிலும் அந்நியமான விநோதமென்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஒரு விளையாட்டின் முன்னோட்டப் பதிப்பை, அதாவது பிள்ளைகள் எல்லோரும் ‘டெமோ’ என்று சொல்லும் இலவசப் பகுதியை, பள்ளி விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த என் மருமகனின் தயவால் ஆடிப் பார்க்கும் சந்தர்ப்பம் வாய்த்தது. அவன் கொண்டுவந்த கருவி நின்டெண்டோ ஸ்விட்ச். அதிலே அவன் புறப்படுமுன்பே இறக்கி வைத்திருந்த விளையாட்டின் பெயர் ‘டிராகன் குவெஸ்ட் மொன்ஸ்டர்ஸ்: த டார்க் பிரின்ஸ்’. 2023 டிசம்பர் 1ஆம் திகதி முழு விளையாட்டு விற்பனைக்கு வருவதற்குச் சற்று முன்னர், நவம்பர் மாதத்தில், கதையின் ஆரம்பப் பகுதியை மாத்திரம் எவரும் காசு கொடாமல் ஆடிப் பார்க்கும்படி இதன் டெமோவை வெளியிட்டார்கள். அதிலே ஆடியவர் பின்னர் முழு விளையாட்டையும் வாங்குவாராயின், டெமோவில் சேர்த்த பூதங்களையும் அடைந்த முன்னேற்றத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு தொடரலாம் என்பது இதிலுள்ள வசதி. வியாபார தந்திரம் என்பதும் அதுவே. ஒருவர் தன் கையால் வளர்த்ததைப் பாதி வழியில் விட்டுவிட்டு எழுந்து போவது இலேசான காரியமல்லவே.

கதை சுருக்கமானது. சாரோ என்னும் சிறுவன், பூதங்களின் அரசனாகிய ரண்டோல்போவுக்கும் ஒரு மானிடப் பெண்ணுக்கும் பிறந்தவன். தகப்பனுடைய சினத்திற்கு ஆளான அவனுக்கு ஒரு சாபம் கிடைக்கிறது: பூத ரத்தம் ஓடும் எந்த உயிர்க்கும் அவன் தன் கையால் இனி ஊறு செய்ய இயலாது. பழிவாங்க வேண்டும் என்ற வேகம் நெஞ்சில் இருக்க, ஓங்கிய கை இறங்காத நிலை. ஆகவே பூதங்களையே தோழராக்கி, அவற்றின் பலத்தைக் கொண்டே தன் தகப்பனை எதிர்க்கத் துணிகிறான். இந்தச் சாரோ, 1990இல் வெளிவந்த நான்காவது டிராகன் குவெஸ்ட் விளையாட்டில் வில்லனாக வந்தவன். முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து அவனுடைய பால்ய பருவத்தை எடுத்து, அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல முற்பட்டிருக்கிறார்கள். இராவணனுக்கும் கர்ணனுக்கும் வக்காலத்து வாங்கிப் பழகிய நமக்கு இதிலே ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றாலும், சாபத்தையே விளையாட்டின் விதியாக மாற்றிய சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. வீரன் ஏன் தானே சண்டையிடாமல் பின்னால் நின்று பிராணிகளை முன்னே தள்ளுகிறான் என்ற கேள்விக்கு, இந்த வகை விளையாட்டுகளிலே பெரும்பாலும் விடை கிடையாது. இங்கே விடையே கதையாக இருக்கிறது.

பூதத்தைச் சேர்த்துக்கொள்ளும் முறையைத்தான் விஸ்தரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் முதல் நோக்கிலேயே மனத்தில் பதிந்தது அதுதான். வெளியிலே உலாவித் திரியும் பூதத்தை நாம் நெருங்கியதும் சண்டை ஆரம்பமாகிறது. நம் அணியில் நான்கு பூதங்கள் நிற்கும், பின்னால் ஒதுக்கத்தில் இன்னும் நான்கு காத்திருக்கும். பெரிய உடம்புள்ள பூதமென்றால் ஒன்றே இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வியூகத்தைச் சொல்லிவிட்டு விலகி நின்றும் பார்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டளையும் இடலாம். இது சண்டை என்று எண்ணி, நான் வழக்கம்போல அடி அடியென்று அடிக்கத் தொடங்கியபோது, பக்கத்தில் குந்தியிருந்த மருமகன் பதறிவிட்டான்.

“மாமா, முழுக்க அடிச்சுப் போடாதேங்கோ! பிறகு ஆளைச் சேர்க்கேலாது. ஸ்கௌட் எண்டதை அமத்துங்கோ.”

அமத்தினேன். நம் அணியிலுள்ள பூதங்கள் ஒவ்வொன்றாக முன்வந்து எதிரியின் முன் தம் பலத்தைக் காட்டின. ஒவ்வொன்றும் காட்டக் காட்டத் திரையிலே வீதக்கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று. அந்தக் கணக்கு, எதிரி நம்மோடு சேர்வதற்கு உள்ள சாத்தியம். முப்பது வீதத்தில் நின்றாலும் சேர்ந்துவிடக் கூடும். தொண்ணூறு வீதத்தில் நின்றாலும் முகத்தைத் திருப்பிவிடக் கூடும். கணக்கு நின்றபின் விடை வருவதற்கு இடையிலுள்ள அந்தக் கணத்திலே, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் தமக்கையார்கூட “என்னவாம்? வருதாமோ?” என்று கேட்டார். வரவில்லை. வராததோடு, இப்படித் தன்னிடம் பேரம் பேசியதை அவமானமாக எண்ணிக் கோபங்கொள்ளவும் செய்தது. கோபங்கொண்ட பூதத்திடம் அந்தச் சண்டையில் மறுபடி சமாதானம் பேச இயலாது. முன்னரே ஓர் இறைச்சித் துண்டை எறிந்து அதன் மனத்தை இளக்கியிருந்தால் காரியம் கைகூடியிருக்கும் என்று மருமகன் பின்னர் சொன்னான். நெல்லு விளையும் காலத்தில் எங்கள் வயலுக்கு வரும் பன்றிகளிடம் இந்த உபாயம் பலிக்காது என்பதை அவனுக்கு நான் சொல்லி வைத்தேன்.

இந்த வகை விளையாட்டுகளிலே உலகப் புகழ் பெற்றது போக்கிமொன் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அதிலே பிராணியைச் சண்டையால் களைப்புறச் செய்து, ஒரு பந்தை எறிந்து, அதற்குள்ளே அடைத்துப் பிடிப்பது வழக்கம். அதன் கர்த்தாவாகிய சத்தோஷி தஜிரி 1965இல் பிறந்தவர். தோக்கியோ நகரின் ஓரத்திலுள்ள மச்சிடாவிலே, வயலும் குளமும் இன்னும் எஞ்சியிருந்த நாளில், பூச்சி வண்டு பிடிப்பதையே பால்யத்தின் பேரின்பமாகக் கொண்டிருந்தவர். வயல்கள் கட்டடங்களாக மாறிய பின், பூச்சி பிடிக்கும் அந்த ஆனந்தத்தை நகரத்துப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்க எண்ணியே இந்த விளையாட்டைப் படைத்தார். பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வைத்து, அது முட்டையிடுகிறதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்த நம்மவருக்கு அவருடைய மனநிலையை விளக்கிக் கூற வேண்டியதில்லை. பொன்வண்டு பெட்டிக்குள் வருவதற்கு நாம் அதனுடைய சம்மதத்தைக் கேட்டதில்லை, போக்கிமொனும் கேட்பதில்லை. டிராகன் குவெஸ்டோ, சம்பிரதாயத்திற்காகவேனும் கேட்கிறது. பூதத்தைச் சேர்த்துக்கொள்ளும் எண்ணம் இந்த வரிசையில் 1992இல் வந்த ஐந்தாவது விளையாட்டிலேயே, அதாவது போக்கிமொன் பிறப்பதற்கு முன்னரே, இருந்தது என்பதையும், அதனைத் தனி விளையாட்டாக வளர்த்து ‘மொன்ஸ்டர்ஸ்’ வரிசையை 1998இல் தொடங்கினார்கள் என்பதையும் இங்கே குறித்தல் தகும்.

போக்கிமொனின் முதல் இரு பதிப்புகள், சிவப்பும் பச்சையும், ஜப்பானில் 1996 பெப்ரவரி 27ஆம் திகதி வெளிவந்தன. சில பிராணிகள் ஒரு பதிப்பிலே கிடைக்கும், மற்றதிலே கிடையா. ஆகையால் சேகரம் பூரணமாக வேண்டுமானால் இரண்டு பிள்ளைகள் கேம் போய்க் கருவிகளை வயரினால் இணைத்துப் பண்டமாற்றுச் செய்தே தீரவேண்டும். தனியாக இருந்து ஆடும் விளையாட்டைக் கூடி ஆடும் விளையாட்டாக்கிய அந்த யுக்திதான், என் அபிப்பிராயத்தில், பிராணிகளின் அழகைக் காட்டிலும் அதன் வெற்றிக்குப் பெரிய காரணம். அதே 1996இல் யுத்தத்தினால் கிளிநொச்சியிலிருந்து சனங்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு அக்கராயனுக்கும் கந்தபுரத்திற்கும் வந்து மரங்களின் கீழே குடியிருந்தார்கள். பற்றரி அப்பொழுது தடைசெய்யப்பட்ட பண்டம். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம். கேம் போய் என்னும் கருவியின் முதல் வடிவத்திற்கு நான்கு பற்றரி வேண்டும். அந்தக் கருவியை அப்பொழுது எவராவது கொண்டுவந்து தந்திருந்தாலும், எங்கள் பிள்ளைகள் அதனை வைத்து என்ன செய்திருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். பற்றரியைக் கழற்றி வானொலிக்குப் போட்டிருப்போம் என்பதில் சந்தேகமில்லை.

மறுபடியும் டெமோவுக்கு வருவோம். சாரோ திரியும் நாடிரியா என்னும் பூதலோகத்திலே, வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று பருவங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவை மாறுவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, சிறிது நேரம் உலாவினாலே போதும். பருவம் மாறினால் வெளியில் திரியும் பூதங்களும் மாறும். குளிர்காலத்திலே தண்ணீர் உறைந்து, முன்பு போக முடியாதிருந்த இடத்திற்கு நடந்தே போகலாம். இதை மருமகன் பெரிய அதிசயமாகக் காட்டினான். அவனை அன்று பின்னேரம் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாரியிலே வான் பாயும் அக்கராயன் குளம், சிறுபோகத்திற்கு நீர் கொடுத்துக் கொடுத்து வற்றிப்போய், மார்கழியில் ஆள் தாழும் இடத்திலே மாடுகள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. கொக்கும் நாரையும் சேற்றிலே நின்றன. காலபோகத்தில் இங்கே வேறு பட்சிகள் வரும் என்று சொன்னபோது, “அப்ப இங்கையும் சீசன் மாறினா ஆக்கள் மாறுவினமோ?” என்று கேட்டான். விளையாட்டை ஆக்கியவர்கள் பருவத்தை அலங்காரத்திற்காக வைக்காமல், எங்கே போகலாம், எது கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் விதியாக வைத்திருக்கிறார்கள். மழையையும் குளத்து மட்டத்தையும் பார்த்தே வருஷத்தைத் திட்டமிடும் விவசாயிக்கு இது நன்றாக விளங்கும்.

எனக்கு உவப்பில்லாத அம்சம் ஒன்று உண்டு. அதுவே இந்த வரிசையின் உயிர்நாடி என்று சொல்கிறார்கள். பத்தாவது படியை எட்டிய இரண்டு பூதங்களை இணைத்தால் புதிய பூதமொன்று பிறக்கும். பெற்ற இரண்டும் மறைந்துபோகும். அவற்றின் வித்தைகளிற் சில பிள்ளைக்குச் சேரும். ஐந்நூறுக்கு மேற்பட்ட பூதங்களிலே அரியவை பலவும் இவ்வண்ணம் இணைப்பதாலேயே கிடைப்பவை. யாரை யாரோடு சேர்த்தால் யார் பிறப்பார், அவரை மறுபடி யாரோடு சேர்ப்பது என்று வம்சவிருட்சம் போட்டுக் கணக்குப் பார்ப்பதிலே அபாரமான சுவை இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் சம்மதம் கேட்டுச் சேர்த்த தோழனை, சண்டையிலே நமக்காக அடிபட்ட தோழனை, பலம் கூட வேண்டும் என்பதற்காக இல்லாமற் செய்துவிடுவது முன்பின் முரணாகத் தோன்றுகிறது. மருமகனிடம் ஒரு ஸ்லைம் இருந்தது: நீர்த்துளி வடிவமும், உருண்டைக் கண்ணும், எப்பொழுதும் மாறாத சிரிப்புமாக, ‘டிராகன் போல்’ சித்திரக்கதையால் பெயர் பெற்றவரும் 2024 மார்ச்சில் காலமானவருமாகிய அகிரா தொரியாமா 1986இல் முதல் டிராகன் குவெஸ்டுக்காக வரைந்த நீலப் பிராணி. இருக்கிற பூதங்களிலே அதுவே பலவீனமானது. “இதை மட்டும் சேர்க்க மாட்டன்” என்று அவன் அதை ஒதுக்கத்தில் வைத்திருந்தான். விதி அதைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்விட்ச் கருவியில் காட்சிகள் தெளிவு குன்றியவை; தூரத்து மலையும் மரமும் மங்கித் தெரிகின்றன, பூதங்கள் பல ஒருங்கே தோன்றும் இடங்களில் ஓட்டம் தடைப்பட்டுத் தடைப்பட்டு நகர்கிறது. சம்பாஷணைகள் ஏராளம்; தமிழில் இல்லை. ஆங்கிலத்திலும் விளையாட்டுப் பாத்திரங்கள் சிலேடையும் கொச்சையுமாகப் பேசுகின்றபடியால், இங்குள்ள பிள்ளை தனியே இருந்து ஆடினால் கதையிற் பாதி கைநழுவிப் போகும். ஆடி முடித்த இடத்தைப் பதிந்து வைத்து நினைத்தபோது எழும்பலாம் என்பது மாத்திரம் பெற்றோருக்கு ஆறுதல்.

டெமோ என்னும் ஏற்பாட்டைப் பற்றி இன்னொன்று. இக்காலத்திலே கைத்தொலைபேசியில் வரும் விளையாட்டுகள் பலவும் இலவசம் என்றே உள்ளே அழைத்து, பின்னர் உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத பெட்டிகளைக் காசுக்கு விற்கின்றன. நல்லது கிடைக்கும்வரை பிள்ளை வாங்கிக்கொண்டே இருக்கும். பெல்ஜியம் 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. பூதங்களைச் சேகரிக்கும் ஆசை இந்த வியாபாரத்திற்கு மிகவும் இசைவானது. பட்டியலிலே வெற்றிடம் ஒன்று இருந்தாலே மனம் அமைதி கொள்ளாது. அவ்வாறிருக்க, இவ்வளவு காட்டுகிறோம், பிடித்திருந்தால் வாங்கு, இல்லையேல் போ என்று சொல்லும் டெமோ கௌரவமான பழைய வழக்கம். வெளிவந்தபோது அமெரிக்காவில் இதன் விலை 60 டொலர். ஸ்விட்ச் இல்லாதவர்களுக்காக 2024 செப்டெம்பரில் கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் இந்த விளையாட்டு வந்துவிட்டது. விலை குறைத்து விற்கும் நாட்களும் உண்டு. மருமகன் முழு விளையாட்டையும் கேட்டுத் தகப்பனுக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினான். புள்ளிப் பத்திரம் வரட்டும் என்று அங்கிருந்து பதில் வந்தது. அதுவரையிலே டெமோவையே முதலிலிருந்து மறுபடி தொடங்கி, அந்த ஸ்லைமை முன்வரிசையில் நிறுத்திக்கொண்டு ஆடினான்.