டிஃபெண்டர் ஆகணுமா? இரவிபுத்தன்துறையிலிருந்து ஐஎஸ்எல் வரை ஒரு பாதை

(ஒலிபரப்பான எபிசோட்டின் திருத்திய எழுத்து வடிவம்)

பேச்சிப்பாறையிலிருந்து பேசுறேன். நடுவுல மழைச் சத்தம் கேட்டா கோச்சுக்காதீங்க, இங்க அது பேக்ரவுண்ட் மியூசிக் மாதிரி.

இந்த வாரம் ஒரு லிசனர் அனுப்பின கேள்வியை எடுத்துக்கிறேன். "என் தம்பிக்கு 17 வயசு. லெஃப்ட் பேக். நல்லா ஆடுறான். காலேஜ் வேண்டாம், ஃபுட்பால்தான்னு நிக்கிறான். என்ன சொல்லலாம்?"

ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில முடிக்கிற கேள்வி இல்ல இது. அதனால எங்க மாவட்டத்துக்காரர் ஒருத்தரோட பாதையை வெச்சு விளக்குறேன். மைக்கேல் சூசைராஜ்.

தண்ணி போய்ச் சேர்ற ஊர்

பேச்சிப்பாறை அணையிலிருந்து இறங்குற கோதையாறு, திருவட்டார் பக்கத்துல மூவாற்றுமுகத்துல பரளியாறோட சேருது. அப்புறம் குழித்துறை தாமிரபரணிங்கிற பேர்ல ஓடி, தேங்காப்பட்டணத்துல கடல்ல விழுது. அந்தப் பொழிமுகத்துக்கு மேற்கே இருக்கிற மீனவக் கிராமம்தான் இரவிபுத்தன்துறை. சூசைராஜ் 1994 அக்டோபர்ல அங்க பிறந்தவர்.

மேல எங்களுக்கு ரப்பர் தோட்டமும் சரிவும்தான். விடிஞ்சா பால்வெட்டு. சமமான மைதானம் கிடைச்சாலே பெரிய விஷயம். கீழே கடற்கரையில கதை வேற. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறைன்னு வரிசையா இருக்கிற ஊர்கள்ல ஆம்பிளைங்க ஆழ்கடலுக்குப் போவாங்க, பசங்க மணல்ல பந்து ஆடுவாங்க. சூசைராஜோட அண்ணன் மைக்கேல் ரெஜினும் புரொஃபஷனல் ஃபுட்பாலர்தான்.

சூசைராஜை இந்தியா கவனிச்சது 2017-18 ஐ-லீக்ல. சென்னை சிட்டி எஃப்சி அப்போ கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தை ஹோம் கிரவுண்டா வெச்சிருந்தது. நவம்பர் 25-ம் தேதி சீசன் தொடங்குச்சு. நவம்பர் 30-ம் தேதி ஓக்கி புயல் குமரிக் கடலைத் தாக்குச்சு. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பி வராத ஊர்கள்ல இரவிபுத்தன்துறை வட்டாரமும் ஒண்ணு. அந்தக் கரையிலிருந்து வந்த ஒரு பையன் அந்த சீசன்ல ஆடின ஆட்டம்தான் அவரை 2018-ல ஜாம்ஷெட்பூர் எஃப்சி வழியா ஐஎஸ்எல்-லுக்குக் கொண்டுபோச்சு. 2019-ல கொல்கத்தாவோட ஏடிகே அவரை எடுத்தது. அதே வருஷம் கிங்ஸ் கப்புக்கான இந்திய அணியிலயும் பேர் வந்தது.

அட்டாக்கர் எப்படி டிஃபெண்டர் ஆனார்?

சூசைராஜ் அடிப்படையில அட்டாக் பண்ற ஆள். பந்தோட ஓடுறது, ஆளைத் தாண்டுறது, கோல் அடிக்கிறது. ஆனா ஏடிகே கோச் அன்டோனியோ ஹபாஸ் அவரை லெஃப்ட் விங்-பேக்கா நிறுத்தினார்.

அது என்ன இடம்னு பார்ப்போம். ஹபாஸோட 3-5-2 அமைப்புல பின்னாடி மூணு சென்டர் பேக். இடது ஓரம் முழுக்க ஒரே ஆள், வலது ஓரம் முழுக்க ஒரே ஆள். வலது பக்கம் பிரபீர் தாஸ், இடது பக்கம் நம்மாளு. நம்மகிட்ட பந்து இருந்தா விங்-பேக் ஒரு ஃபார்வேர்டு. பந்து போன அடுத்த நொடி அவரே அஞ்சாவது டிஃபெண்டர். சுமார் நூறு மீட்டர் நீளமுள்ள ஓரத்தை ஒருத்தரே பார்த்துக்கணும், 90 நிமிஷம்.

அட்டாக்கரா வளர்ந்தவங்களுக்கு இதுல கஷ்டம் ஓட்டம் இல்ல, பொறுமை. எதிராளி பந்தோட வரும்போது பாய்ஞ்சு காலை நீட்டக் கூடாது. ஒரு பக்கமாத் திரும்பி நின்னு, அவனை உள்ளே விடாம கோட்டோரமா ஒதுக்கணும். பந்து அந்தப் பக்க ஓரத்துல இருக்கும்போது நைசா உள்ளே நகர்ந்து, பின் போஸ்ட்ல தலைக்கு வர்ற பந்தைப் பார்த்துக்கணும். இதெல்லாம் ஹைலைட்ஸ்ல வராது. சரியா செஞ்சா அங்க எதுவுமே நடக்காது, அதுதான் காரணம்.

ஆனா கோச் அந்த "எதுவும் நடக்காததை"த்தான் எண்ணுவார். ஏடிகே 2020 மார்ச் 14-ம் தேதி கோவாவுல, கோவிட் பயத்துல பூட்டின ஸ்டேடியத்துல, சென்னையின் எஃப்சியை 3-1-னு ஜெயிச்சு கோப்பையை எடுத்தது. நம்ம சென்னைப் பசங்களுக்கு அது வலிச்ச நாள், தெரியும். ஜெயிச்ச பக்கத்துலயும் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

பதினாலு நிமிஷம்

2020 நவம்பர் 20. ஏடிகே மோகன் பகான் ஆகி முதல் ஐஎஸ்எல் ஆட்டம், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரா. கால் மணி நேரம்கூட ஆகல. சூசைராஜ் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது. சுபாசிஷ் போஸ் உள்ளே வந்தார். சூசைராஜுக்கு அந்த சீசன் அங்கேயே முடிஞ்சது. அப்போ அவருக்கு வயசு 26. 2022-ல ஒடிஷா எஃப்சிக்குப் போனார்.

முழங்கால்னு சொன்னாலே ஃபுட்பால்காரங்க மனசுல முதல்ல வர்ற மூணு எழுத்து ஏசிஎல். முழங்காலுக்குள்ள தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்கா இழுத்துப் பிடிச்சிருக்கிற ஒரு ஜவ்வு அது. கீழ்க்கால் முன்னாடி நழுவாம, அதிகமா முறுக்கிக்காம பார்த்துக்கும். பல நேரம் இது கிழியிறது யாரும் இடிச்சு இல்ல. குதிச்சு இறங்கும்போது, ஓடிக்கிட்டே சட்டுனு திரும்பும்போது. ஒரு விங்-பேக் ஒரு மேட்ச்ல எத்தனை தடவை அப்படித் திரும்புறார்னு யோசிச்சுப் பாருங்க.

முழுசா கிழிஞ்சா, திரும்ப ஆட நினைக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான். உடம்புல வேற இடத்துலேருந்து ஒரு தசைநாரை எடுத்து அங்க பொருத்துவாங்க. திரும்ப மேட்ச் ஆட சாதாரணமா ஒன்பது மாசத்துலேருந்து ஒரு வருஷம். புரொஃபஷனல் கிளப்னா பிசியோ, ஜிம், டாக்டர் எல்லாம் இருக்கும். ஊர் டீம்ல ஆடுற பையனுக்கு? ஆபரேஷன் செலவே வீட்டுத் தலையில. பிசியோதெரபி பாதியில நிக்கும். கால் ஆறும், ஆட்டம் ஆறாது.

ஏணியில எத்தனை படி?

இப்போ ஸ்காட்லாந்து பக்கம் ஒரு நிமிஷம் போயிட்டு வரலாம். லிவர்பூல்ல சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்ச ஆண்டி ராபர்ட்சனும் லெஃப்ட் பேக்தான். உடம்பு சின்னதா இருக்குன்னு 15 வயசுல செல்டிக் அவரை அனுப்பிடுச்சு. 2012-13-ல நாலாவது டிவிஷன்ல, அமெச்சூர் கிளப்பான குயின்ஸ் பார்க்ல ஆடினார். கைச்செலவுக்குப் பகுதி நேர வேலை. 2013-ல டண்டீ யுனைடெட், 2014-ல ஹல் சிட்டி, 2017-ல லிவர்பூல்.

இதை எல்லாரும் "விடாமுயற்சி"னு போஸ்டர் ஒட்டுவாங்க. நான் பார்க்கிறது வேற. கீழே விழுந்த பையன் நிக்க அங்க நாலாவது டிவிஷன்னு ஒரு படி இருந்தது. அங்க ஆடினா மேல இருக்கிறவங்க பார்க்குற வசதியும் இருந்தது.

நம்ம ஊர்ல ஊர் டோர்னமென்ட், காலேஜ் டீம், சென்னை சீனியர் டிவிஷன், சந்தோஷ் டிராபி, ஐ-லீக்னு அறியப்பட்ட லீக், ஐஎஸ்எல். படிகள் இருக்கு. ஆனா நடுவுல இடைவெளி பெருசு. மேல் படியும் ஆடுது. 2025 ஜூலைல ஐஎஸ்எல் சீசனையே நிறுத்தி வெச்சாங்க. சில கிளப்புகள் சம்பளத்தையும் நிறுத்தினாங்க. மேலே ஏறினவங்களுக்கும் இடம் நிரந்தரம் இல்ல. சூசைராஜோட ஏடிகே டீம்ல ஆடின சுமித் ரதி, 2019-20-ல ஐஎஸ்எல் எமர்ஜிங் பிளேயர் விருது வாங்கின இளம் டிஃபெண்டர். அடுத்த சீசன்ல சந்தேஷ் ஜிங்கனும் டிரியும் வந்தாங்க. அவருக்கு நிரந்தர இடம் கிடைக்கல.

சரி, தம்பிகிட்ட என்ன சொல்றது?

என் பதில் இது. ஆட விடுங்க. காலேஜையும் விடாம ஆடச் சொல்லுங்க. இந்தியாவுல காலேஜ் டீம்ங்கிறது படிப்பு மட்டும் இல்ல, ஏணியில ஒரு படி. ஐசிஎஃப், இந்தியன் வங்கி மாதிரி அலுவலக அணிகள் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்த வரலாறு சென்னை லீக்ல இருக்கு. கையில டிகிரி இருந்தா அந்தக் கதவு சுலபமாத் திறக்கும்.

ரெண்டாவது, முழங்காலைப் பாதுகாக்கச் சொல்லுங்க. ஃபிஃபா 11+னு ஒரு வார்ம்-அப் இருக்கு. இருபது நிமிஷம், ஒரு பந்து போதும், இணையத்துல இலவசம். ஓட்டம், தொடைக்குப் பலம், ஒத்தைக்கால் பேலன்ஸ், சரியா குதிச்சு இறங்குறது எல்லாம் அதுல வரும். ஒழுங்கா செய்யற டீம்கள்ல காயம் குறையுதுன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. மொத்த டீமும் செஞ்சாதான் பலன்.

மூணாவது, எந்த கிளப் கான்ட்ராக்ட் நீட்டினாலும் சம்பளத்துக்கு முன்னாடி ஒரு வரியைத் தேடுங்க: காயம் பட்டா சிகிச்சைச் செலவு யாரோடது, ஆட முடியாத மாசத்துக்குச் சம்பளம் உண்டா? அது இல்லாத பேப்பர்ல கையெழுத்துப் போட அவசரப்படாதீங்க. திறமை உங்களை டீமுக்குள்ள கொண்டுவரும். ஆட முடியாத அந்த ஒரு வருஷம் உங்களை யார் தாங்குறாங்கங்கிறதுதான் கெரியர்.

அப்புறம் உங்களுக்கும் ஒரு வேலை. அடுத்த தடவை மேட்ச் பார்க்கும்போது பத்து நிமிஷம் பந்தை விட்டுட்டு லெஃப்ட் பேக்கை மட்டும் பாருங்க. எப்போ ஏறுறார், எப்போ நிக்கிறார், யாரைப் பார்த்துக் கத்துறார். தம்பி ஆசைப்படுற வேலை எதுன்னு அப்போதான் புரியும்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.