பந்தயச் சாலையிற் காணும் தோழமை

நம் அணைக்கட்டு வட்டாரத்துச் சிற்றூர்களில், தைப்பொங்கலையொட்டி நிகழும் காளை விடும் விழாவைக் கண்டறியாதார் நம்முள் அரியர். காளைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்த்து விடப்படும். குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்திற் கடந்த காளைக்கே முதற்பரிசு. ஓடுவது காளையேயாயினும், விழாவை நடத்துவது ஊராரின் ஒற்றுமையேயாம். தெருவின் இருமருங்கும் தடுப்புக் கட்டுவாரும், நேரங் குறிப்பாரும், வீழ்ந்தாரைத் தூக்கி எடுப்பாரும் இல்லையேல் அவ்விழா ஒரு நாழிகையும் நடவாது. காளை நின்ற இடத்தில் மோட்டார் வண்டியை வைத்து எண்ணுவோமாயின், யாம் ஈண்டுக் கூறவந்த பொருள் எளிதில் விளங்கும்.

வேலூரினின்று சென்னைக்குச் செல்வார், ஸ்ரீபெரும்புதூரைக் கடந்ததும் இருங்காட்டுக்கோட்டையை அடைவர். ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயச் சாலையொன்று அங்கே உளது. அதனை அமைத்தது, 1953-ஆம் ஆண்டில் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் சங்கம். அதற்கு முன்னர்ப் பல்லாண்டுகள் பந்தயங்கள் சோழவரத்தில் நிகழ்ந்தன. அது பந்தயத்திற்கென இயற்றிய இடமன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். ஆர்வமே முதலாகக் கொண்ட சிலர் ஒருங்கு கூடியதனாலேயே அவ்வெற்றுத் தளம் பந்தயக் களமாயிற்று.

இனி, டிரிஃப்டிங் என்னும் சறுக்கோட்டம் யாது? இது ஜப்பான் நாட்டில் வளர்ந்த கலை. 1970-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் குனிமிட்சு தகாஹாஷி என்னும் பந்தய வீரர் இம்முறையைக் கையாண்டார். பின்னர் கெய்ச்சி சுச்சியா என்பவர் இதனைப் பலரறியச் செய்தார். வளைவிற் புகுங்கால், பின்சக்கரங்கள் வேண்டுமென்றே தரையின் பிடிப்பை இழக்குமாறு வண்டியைச் செலுத்துவர். வண்டியின் பின்புறம் ஒரு பக்கமாகச் சறுக்கும். அப்பொழுது முன்சக்கரங்களைச் சறுக்கும் திசைக்கே திருப்பி, ஆக்ஸிலேட்டரை அளவறிந்து மிதித்து, வண்டி சுழன்று விடாமற் காத்தல் வேண்டும். இன்றைய சிறு கார்களிற் பெரும்பாலன முன்சக்கரங்களால் இழுக்கப்படுவன. ஆதலின் இக்கலைக்கு ஏற்றனவல்ல. பின்சக்கரங்கள் உந்தும் வண்டியே வேண்டும். சறுக்கும் கோணமும், வேகமும், செல்லும் வழியின் செவ்வையும் கொண்டு நடுவர் மதிப்பிடுவர். இரு வண்டிகள் அருகருகே சறுக்கும் போட்டியில், பின்வருவோன் தன் உயிரை முன்செல்வோனின் நிதானத்திடம் ஒப்புவிக்கிறான். போட்டியாளனை நம்பினாலன்றிப் போட்டியே இல்லை என்பது வியக்கத்தக்கதன்றோ!

தொழில்முறை வீரரல்லாதார் தத்தம் வண்டிகளுடன் கூடி ஓட்டிப் பழகும் நாளை ‘டிராக் டே’ என்பர். அந்நாளில் முதற்கண் வண்டிகள் சோதிக்கப்படும்: பிரேக்கு, டயர், இருக்கை வார், தலைக்கவசம் யாவும் செவ்வையாக இருத்தல் வேண்டும். பின்னர் ஓட்டுநர் யாவரையும் கூட்டி விதிகளை விளக்குவர். பயிற்சியின் அளவுக்கேற்பக் கூட்டங்கூட்டமாக உள்ளே விடுவர். சறுக்கோட்டத்தில் டயர்கள் விரைவில் தேய்ந்தொழியுமாதலின், ஜாக்கியும் ஸ்பானரும் மாற்றுச் சக்கரமும் ஒருவர்க்கொருவர் கொடுத்துக் கொள்ளாமல் தீராது. தன் வண்டி பழுதுற்றவன் வீடு திரும்பாது, அயலான் வண்டியின் கீழ்ப் படுத்து உதவுவதும் அங்கே புதுமையன்று.

இவரினும் மேலாக நாம் போற்றத்தக்கார், மார்ஷல் எனப்படும் தொண்டர். ஊதியங் கருதாது ஆர்வத்தால் வருவோரே அவருட் பெரும்பாலர். வெயிலில் வளைவுதோறும் நின்று கொடியசைப்பது அவர்தம் பணி. மஞ்சட்கொடி அபாயத்தைக் குறிக்கும். அதனைக் கண்டபின் முந்துதல் ஆகாது. நீலக்கொடி, பின்னே விரைவான வண்டி வருகிறதென்று அறிவிக்கும். மஞ்சளிற் சிவப்புப் பட்டைக் கொடி, சாலை வழுக்கும் என எச்சரிக்கும். செங்கொடி உயர்ந்தால் ஓட்டம் நின்றுவிடும். எத்துணைச் செல்வனாயினும், எத்துணை வல்லவனாயினும், பெயரறியாத அத்தொண்டனின் கொடிக்குப் பணிந்தே தீரவேண்டும். பரிசு பெறுவோன் ஒருவன். அவனைப் பிழைத்திருக்கச் செய்வோர் பலர்.

பிறர்க்கு வழி திறந்து விடுவதும் இத்தோழமையின் பாற்படும். கோயமுத்தூர்க் கரிவரதன், மாருதி காரின் எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவிற் பந்தய வண்டி சமைத்து, இளைஞர் பலர் களம் புக வகை செய்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயச் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மாணவ நண்பர்களே! இதனை யாம் விரித்துரைத்தது வேகத்தைப் புகழ்தற்பொருட்டன்று. வேலூர்–ஆம்பூர் நெடுஞ்சாலையில், நள்ளிரவில், தலைக்கவசமுமின்றி மோட்டார் சைக்கிளில் ஒருவரையொருவர் முந்த எண்ணும் இளைஞர் நம்மிடையே இல்லாமலில்லை. அங்கே வண்டியைச் சோதித்தவர் யார்? மஞ்சட்கொடி பிடிப்பார் யார்? தோல் தொழிற்சாலையில் வேலை முடித்து, மிதிவண்டியில் வீடு திரும்பும் தொழிலாளி, அப்பந்தயத்திற்கு உடன்பட்டவனோ? பந்தயச் சாலையில் ஓடுவோர் யாவரும் அபாயத்தை அறிந்து ஏற்றவர். பொதுச்சாலையிலோ, ஒருவன் விளையாட்டுக்கு மற்றொருவன் குடும்பம் விலை கொடுக்கின்றது. வீரம் இரண்டிடத்தும் ஒன்றுபோலத் தோன்றலாம். காவலாய் நிற்கும் தோழமை ஓரிடத்தில் உண்டு, மற்றோரிடத்தில் இல்லை. அதுவே விளையாட்டையும் குற்றத்தையும் பிரிக்கும் எல்லையாம்.

ஆகவே, வேகத்தில் விருப்பமுடையார் முதலிற் கொடி பிடிக்கக் கற்பாராக. பிறர் உயிரைக் காத்து நின்று பழகியவனே தன் வண்டியை அடக்கி ஓட்டத் தகுதியுடையவன்.