மூழ்கும் மலை, எழும் பவளம்

இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் ஆழ்கடலின் நடுவே வளையம் வளையமாகப் பவளத்தீவுகள் கிடக்கின்றன. நம் லட்சத்தீவுகளும் இந்த வகைதான். வளையத்துக்கு வெளியே அதல பாதாளம். உள்ளே அலையடங்கிய ஆழமற்ற நீர். நடுக்கடலில் இவை எதன்மேல் நிற்கின்றன?

கடலடி எரிமலைகளின் வாய் விளிம்பில் பவளம் வளர்ந்ததே வளையமானது என்றார் நிலவியலாளர் சார்லஸ் லயல். இத்தனை எரிமலைகளும் கடல்மட்டத்தை எட்டும் தறுவாயில் ஒன்றுபோல நின்றுவிட்டனவா? இளைஞர் டார்வினால் அதை ஏற்க முடியவில்லை.

1836 ஏப்ரலில் அவர் பயணம் செய்த 'பீகிள்' கப்பல் இந்தியப் பெருங்கடலின் கீலிங் பவளத்தீவுகளை அடைந்தது. அடியில் கொழுப்பு தடவிய ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கினார்கள். ஆழம் குறைந்த இடங்களில் கொழுப்பில் உயிர்ப்பவளத்தின் தடம் பதிந்தது. ஆழம் கூடக்கூட வெறும் மணலே ஒட்டிவந்தது. பாறை கட்டும் பவளம் ஆழத்தில் வாழாது என்பது தெளிவாயிற்று.

காரணம் ஒளி. சில மில்லிமீட்டர் அளவே உள்ள பவள உயிரி, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தன்னைச் சுற்றிக் கிண்ணம்போல் கட்டிக்கொள்கிறது. அதன் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைக்கும் உணவுதான் பவளத்துக்குப் பெரும்பங்கு ஆகாரம். பாசியின் பங்கு டார்வினுக்குத் தெரியாது. ஆனால் ஆழத்துக்கு வரம்பு உண்டு என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் தந்த விடை இது: எரிமலைத் தீவின் கரையோரத்தில் முதலில் பவளம் பற்றுகிறது. மலை மெல்ல மெல்லக் கடலுக்குள் இறங்குகிறது. பழைய கூடுகளின் மேல் புதிய கூடுகளைக் கட்டியபடி பவளம் ஒளியை நோக்கி உயர்கிறது. கரைக்கும் பவளத்துக்கும் இடையே நீர் அகல்கிறது. கடைசியில் மலை மறைய, வளையம் மட்டும் எஞ்சுகிறது. 1842-இல் இதை அவர் நூலாக வெளியிட்டார்.

மெய்ப்பிக்க ஆழத் துளையிட வேண்டும். 1952-இல் மார்ஷல் தீவுகளின் எனிவெடாக்கில் அமெரிக்கர்கள் துளையிட்டார்கள். சுமார் 1,400 மீட்டர் வரை சுண்ணாம்புப் பாறை. அதன் கீழே எரிமலைப் பாறை. சுமார் 5 கோடி ஆண்டுகளாக மலை இறங்க இறங்கப் பவளம் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. பிற்கால ஆய்வுகள் பனியுகங்களில் கடல்மட்டம் ஏறி இறங்கியதும் வளையங்களைச் செதுக்கியதைக் காட்டின. என்றாலும் எனிவெடாக்கில் டார்வின் சொன்னதே உறுதியானது.

அந்த 1,400 மீட்டரில் இன்று உயிருள்ளது மேல்பரப்பு மட்டுமே. கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு பாகை சூடேறி வாரக்கணக்கில் நீடித்தால், பவளம் தன் பாசிகளை வெளியேற்றி வெளிறுகிறது. சூடு தணியாவிட்டால் மடிகிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவும் இப்படி வெளிறியது. இறந்த பவளம் உயராது. அலை அதை அரித்துவிடும். மலை மூழ்கியபோது ஈடுகொடுக்கப் பவளத்துக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன. நாம் ஏற்றும் வெப்பமோ சில பத்தாண்டுகளில் வந்து நிற்கிறது. கரிவளி உமிழ்வைக் குறைத்துப் பவளத்துக்கு உரிய அவகாசத்தைத் தருவது நம் பொறுப்பு.