பட்சி காட்டும் நாயும் கௌதாரியும்

பாயிண்டர் என்பது மோப்பத்தினால் பட்சிகளைக் கண்டறியும் ஒரு சீமை நாய் ஜாதி. துரைமார்கள் வேட்டைக்காக அதை இத்தேசத்திற்குக் கொண்டுவந்தனர். அது முகத்தை உயர்த்திக் காற்றில் வரும் வாசனையைத் தேடிச் செல்லும். புதரில் கௌதாரியோ காடையோ பதுங்கியிருப்பதை அறிந்ததும், பாயாமல், மூக்கை அத்திசையில் நீட்டி, பெரும்பாலும் ஒரு முன்காலைத் தூக்கியவாறு அசையாமல் நிற்கும். தென் ஜில்லாக்களின் சிப்பிப்பாறை, கன்னி நாய்களோ கண்ணால் கண்டு, துரத்திப் பிடிப்பவை.

கொங்கு நாட்டு மேட்டாங்காடுகளிலும் கொறங்காடுகளிலும் கௌதாரி புதரடியில் தரையிலேயே முட்டையிடுகிறது. தானியம் சிறிது தின்றாலும், கறையான், பூச்சிகள், களை விதைகள் ஆகியவற்றையும் தின்பதால் அது குடியானவர்களுக்கு உபகாரியே.

1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரியையும் காட்டுக் காடையையும் சுடுவதும், கண்ணி வைத்தோ நாய் விட்டோ பிடிப்பதும், முட்டை எடுப்பதும் குற்றமாகும். சொந்தப் பட்டா நிலமாயினும் விலக்கில்லை.

ஆகையால் நாய் வளர்ப்போர் அதைத் தோட்டக் காவலுக்கே பழக்குதல் வேண்டும். எந்த ஜாதி நாயும் மோப்பத்தால் கூட்டைக் கண்டுபிடித்துக் கலைத்துவிடக்கூடும். சித்திரை முதல் புரட்டாசி வரை வேலியோரங்களில் அதை அவிழ்த்துவிடலாகாது. வேலியடிக்குத் தீயிடவும் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசியை வருஷந்தோறும் போடுவது அவசியம். கண்ணி வைப்போரைக் கண்டால் கிராம உத்தியோகஸ்தர்கள் தாமதமின்றி வனத்துறைக்கு அறிவிக்க வேண்டும்.