மூடிய பானை, திறந்த வாணலி: நிதானத் தீயின் இரண்டு வழிகள்

பத்து லிட்டர் பாலில் ஒன்றேகால் கிலோ சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் ஏறக்குறைய மூன்று கிலோ பால்கோவா கிடைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் கணக்கு இவ்வளவுதான். மாவோ கெட்டிப்படுத்தும் பொருளோ எதுவும் அதில் சேர்வதில்லை. பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கி விரட்டுவதுதான் தொழில். அகன்ற வாணலி, விறகு அடுப்பு, ஓயாமல் கிண்டும் நீளக் கரண்டி ஆகிய மூன்றும் அதற்காகத்தான். வாணலி அகலமாக இருந்தால் ஆவி சீக்கிரம் போகும். கிண்டாமல் விட்டால் பாலின் புரதம் அடியில் ஒட்டித் தீய்ந்துவிடும். பாலிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிவதால் இளம்பழுப்பு நிறமும் அந்த மணமும் வருகின்றன. 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டாள் கோயிலுக்கு வருகிறவர்களும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பக்கத்திலுள்ள திருவண்ணாமலை என்ற குன்றில் ஏறிச் சீனிவாசப் பெருமாளைச் சேவிக்கிறவர்களும் பால்கோவாப் பொட்டலம் வாங்காமல் ஊர் திரும்புவது அரிது.

நிதானமான சூட்டில் நெடுநேரம் சமைப்பதில் இது ஒரு வழி. திறந்த வாணலியின் வழி. ஸ்லோ குக்கர் என்ற மின்பானை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. அங்கே மூடி இறுக உட்கார்ந்திருக்கும். மேலெழும் ஆவி மூடியில் பட்டுத் துளியாகிப் பானைக்குள்ளேயே விழும். தண்ணீர் குறையாது. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்தப் பண்டத்தை மின்பானையில் வைக்கலாம், எதை அடுப்பிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

இந்த மின்பானைக்கு அமெரிக்காவில் 1940இல் காப்புரிமை பெற்றவர் இர்விங் நாக்சன். லித்துவேனியாவின் யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டுவதில்லை. முந்தின நாளே இறைச்சியும் பயறும் நிறைந்த பானையை ரொட்டிச் சூளையின் மிச்சச் சூட்டில் வைத்துவிடுவார்கள். தாய்வழியில் கேட்ட அந்தக் கதைதான் அவருக்குத் தூண்டுகோல். 1970களின் தொடக்கத்தில் ரைவல் நிறுவனம் அதைக் ‘கிராக்பாட்’ என்ற பெயரில் விற்றபோது வீடுதோறும் பரவியது. இந்தியாவில் நாக்சனின் காப்புரிமைக்கு முப்பது ஆண்டு முன்னரே, 1910இல், இந்துமாதவ் மல்லிக் என்ற வங்காள மருத்துவர் ‘இக்மிக் குக்கர்’ என்ற கருவியைச் செய்தார். கீழே கொஞ்சம் கரித்தணல், அதற்கு மேல் நீராவியில் வேகும் அடுக்குப் பாத்திரங்கள். சோறும் பருப்பும் கறியும் ஆள் பக்கத்தில் இல்லாமலே வெந்துகொண்டிருக்கும். நம் வீடுகளில் இரவு சமையல் முடிந்ததும் தணல் மீது பால்சட்டியையோ வெந்நீர்ப் பானையையோ வைத்துவிட்டுப் படுப்பதும் இதே அறிவுதான்.

மின்பானை வெறும் 150 முதல் 300 வாட் வரை மின்சாரம் எடுக்கும். 200 வாட் பானை எட்டு மணி நேரம் ஓடினாலும் 1.6 யூனிட்தான். குறைந்த சூட்டில் ஏழெட்டு மணி நேரமும், கூடிய சூட்டில் மூன்று நான்கு மணி நேரமும் பொதுவான கணக்கு. இரண்டிலும் கடைசியில் பண்டம் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே போய் நிற்கும். போய்ச் சேரும் நேரம்தான் வேறு. பானையில் பண்டம் பாதிக்குக் குறையாமலும் முக்கால் பங்கைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். மூடியை ஒருமுறை திறந்தால் இழந்த சூட்டை மீட்க இருபது நிமிடம் வரை ஆகும். ஆகவே எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குவது நல்லது.

இந்தச் சூட்டுக்கு இணக்கமானவை கெட்டியான இறைச்சித் துண்டுகளும் காய்ந்த பயறுகளும். ஆட்டுக்காலிலும் நெஞ்செலும்பிலும் இருக்கும் இணைப்புத் திசு, கொதிக்காத சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் கரைந்து கூழ்மமாகிறது. சூப்பு உதட்டில் ஒட்டும் பதம் அதனால் வருவது. சுத்தம் செய்த நான்கு ஆட்டுக்கால்களை ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, தட்டிய மிளகு சீரகம், மஞ்சள், உப்பு போட்டு, மூழ்கும் அளவுக்கு மட்டும் வெந்நீர் ஊற்றி இரவு பத்து மணிக்குக் குறைந்த சூட்டில் வைத்தால் காலை இட்லிக்குப் பாயா தயார். தண்ணீர் வற்றாது என்பதால் அடுப்புச் சமையலில் ஊற்றுவதில் முக்கால் பங்கே போதும். தாளிப்பை மட்டும் வாணலியில் தனியாகச் செய்து கடைசியில் கொட்ட வேண்டும். கடுகு வெடிக்கிற சூடும், வெங்காயம் சிவக்கிற சூடும் மின்பானைக்குள் ஒருநாளும் வருவதில்லை.

கரிசல் காட்டு மொச்சைக்கும் தட்டைப்பயறுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. இரவு முழுக்க ஊறிய பயறை அடுப்பில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு பானைக்கு மாற்றிக் குறைந்த சூட்டில் ஆறேழு மணி நேரம் வைக்க வேண்டும். புளியும் தக்காளியும் முதலிலேயே சேர்ந்தால் பயறு வேகாமல் விறைத்து நிற்கும். பயறு குழைந்த பிறகே புளிக்கரைசல், குழம்புப்பொடி, நல்லெண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய் எல்லாம் சேர்த்துக் கூடிய சூட்டில் இன்னும் ஒரு மணி நேரம் விட வேண்டும். தேங்காய்ப்பால் சேர்க்கும் குழம்பானால் இறக்குவதற்கு அரைமணி நேரம் முன்பு போதும்.

ராஜ்மாவில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு மின்பானையின் மிதமான சூட்டில் அழிவதில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம், உறுதிக்கு அரைமணி நேரம் தளதளவென்று கொதித்த பின்பே பானைக்குள் போகலாம். உறைந்த இறைச்சியை அப்படியே போடுவதும் ஆபத்து. 5 டிகிரி செல்சியசுக்கும் 60க்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். உறைந்த துண்டு அந்த எல்லையைக் கடக்க நெடுநேரம் பிடிக்கும். வீட்டில் ஆளில்லாதபோது மணிக்கணக்கில் மின்சாரம் போயிருந்தால், பாதி வெந்த கறியைக் கொட்டிவிடுவதே சரி.

இனிப்புக்கு வந்தால், மின்பானையில் பால்கோவா கிண்ட முயல்வது வீண் வேலை. மூடினால் பால் வற்றாது; திறந்தால் சூடே ஏறாது. ஒரு லிட்டர் பாலும் 125 கிராம் சர்க்கரையும் அகன்ற வாணலியில் அடுப்பருகே நின்று கிண்டுகிறவருக்கே உரியவை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே சொந்தமான இன்னொரு பால் பண்டம் மின்பானைக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. அது அக்கார அடிசில். அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் படைப்பதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டாள். பின்னாளில் இராமானுசர் அதை நிறைவேற்றினார் என்பது வைணவ மரபு. மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லிக்கு வைணவ வீடுகளில் இது பொங்கும். அரிசி பாலிலேயே வேக வேண்டும், குழைய வேண்டும், அடிபிடிக்கக் கூடாது. 100 கிராம் பச்சரிசியையும் இரண்டு கரண்டி பாசிப்பருப்பையும் நெய்யில் லேசாக வறுத்து, காய்ச்சிய ஒரு லிட்டர் பாலில் போட்டுக் குறைந்த சூட்டில் மூன்று மணி நேரம் விடலாம். இங்கே மட்டும் இடையில் ஓரிருமுறை கிளறுவது நலம். வெல்லத்தைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பால் திரியும். 250 கிராம் வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி, பானையை அணைத்துச் சூடு சற்றுத் தணிந்த பிறகே ஊற்ற வேண்டும். நெய், முந்திரி, ஏலம், துளி பச்சைக் கற்பூரம் அதன் பிறகு.

குடிக்கச் சூடாக ஏதேனும் வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தின் பெருமை பருத்திப்பால். பருத்தி விளையும் கரிசல் மண்ணும், 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்லைப் போன்ற நூற்பாலைகளும் உள்ள வட்டாரம் இது. மதுரைத் தெருக்களில் மாலைதோறும் விற்கும் பானமும் இதுதான். நாட்டு மருந்துக் கடையில் உண்பதற்கென்று விற்கும் பருத்திக்கொட்டையையே வாங்க வேண்டும். விதைப்பு விதையில் பூச்சிமருந்து பூசியிருக்கும். 100 கிராம் கொட்டையை இரவில் ஊறவைத்து, அரைத்து, துணியில் இரண்டு மூன்று முறை பால் பிழிய வேண்டும். பச்சைக் கொட்டையில் காசிபோல் என்ற ஒவ்வாத பொருள் இருப்பதால் அடுப்பில் முதலில் நன்றாகக் கொதிக்கவிடுவது அவசியம். ஊறிய பச்சரிசியை அரைத்து இரண்டு கரண்டி சேர்த்துக் கெட்டியானதும் மின்பானைக்கு மாற்றி, வடிகட்டிய கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலம், தேங்காய்த்துருவல் போட்டால் மாலை முழுதும் சூடாக இருக்கும். மாவு அடியில் தங்கும் என்பதால் ஊற்றும்போதெல்லாம் கிளற வேண்டும்.

சுக்குமல்லிக் காபிக்கு இவ்வளவு பாடு இல்லை. தட்டிய சுக்கு, கொத்தமல்லி விதை, மிளகு, கருப்பட்டி, தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துக் குறைந்த சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் சாரம் முழுக்க இறங்கும். துளசியை மட்டும் கடைசிப் பத்து நிமிடத்தில் போட வேண்டும். முன்பே போட்டால் மணம் போய்க் கசப்பு மிஞ்சும். வடிகட்டி, ‘வார்ம்’ நிலையில் இரண்டு மணி நேரம் வரை வைத்துப் பரிமாறலாம்.